மூலப் பத்திரமும் வழக்கறிஞரும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனை ஆவணங்கள் பல உள்ளன. அவை நான்கெல்லையையும் விலையையும் குறித்து, சாட்சிகளின் கையெழுத்தோடு முடியும். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த நடைமுறைக்குச் சட்ட வடிவம் வந்தது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனைக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஓராண்டுக்கு மேற்பட்ட கடை, கிடங்குக் குத்தகைகளுக்கும் பதிவு தேவைப்பட்டது.

பதிவான அடமானங்கள் வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடும். ஆனால் சென்னை போன்ற வணிக நகரங்களில், மூலப் பத்திரத்தை ஒப்படைத்தே கடன் பெற அதே சட்டம் இடமளித்தது. வணிகருக்கு இது விரைவான வழி. எனினும் பதிவு தேவையில்லாத இந்த அடமானம் வில்லங்கச் சான்றில் இடம்பெறாமல் போகலாம். ஆகவே வாங்குபவரின் வழக்கறிஞர் நகலை ஏற்காமல் மூலப் பத்திரத்தையே கேட்டுப் பார்ப்பது அவசியமாயிற்று.

அடமானச் சொத்தை மீட்க வழக்குத் தொடரும் காலவரம்பு முன்பு 60 ஆண்டுகள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அதை 30 ஆண்டுகளாகக் குறைத்தது. சொத்து கைமாறிய வரலாற்றை 30 ஆண்டுகளுக்காவது பின்னோக்கி ஆராய்ந்து, தாய்ப்பத்திரம், வாரிசுரிமை, பட்டா ஆகியவற்றை ஒப்பிட்ட பிறகே வழக்கறிஞர் கருத்துரை எழுதுவது இன்றும் நிலைத்துள்ள வழக்கம்.