உடைக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி?

மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்த்து, ஓசையிலேயே விரிசலைக் கண்டுபிடித்துவிடுவார்கள் நம் பாட்டிகள். இரும்பில் அதை எப்படிச் செய்வது? எங்கள் குன்றத்தூரிலிருந்து ஒரகடம் பக்கம் போனால் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள்தான். அதனால் வந்த கேள்வி இது.

1868-ல் இங்கிலாந்தில் பீரங்கிக் குழாயைக் காந்தமாக்கி, அதன் மேல் திசைகாட்டியை நகர்த்திப் பார்த்தார்கள். விரிசல் உள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும், முள் ஆடும். அடிப்படை இன்றும் அதேதான், முள்தான் மாறியிருக்கிறது!

நம் பக்கத்துக் கதை கல்பாக்கத்தில் நடந்தது. 1971-ல் தொடங்கிய அணு உலை ஆராய்ச்சி மையம் 1985-ல் இந்திரா காந்தி பெயரைப் பெற்றது. அதே ஆண்டு அங்கே சோதனை வேக ஈனுலை இயங்கத் தொடங்கியது. இவ்வகை உலையில் வெப்பத்தைக் கடத்துவது திரவ சோடியம். நீராவிக் குழாயில் சிறு துளை விழுந்து சோடியமும் தண்ணீரும் சேர்ந்தால் பெரும் ஆபத்து. குழாயை வெட்டிப் பார்க்கவும் முடியாது. அதனால்தான் பல்தேவ் ராஜ் போன்றோர் சேதமில்லாச் சோதனையைத் தனித் துறையாகவே அங்கு வளர்த்தார்கள். 'ஸ்குவிட்' என்ற நுண்ணிய காந்த உணரியையும் அந்த மையத்திலேயே செய்து உலோகங்களைச் சோதித்தார்கள். ஆனால் அதைக் குளிர்விக்க மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியம் வேண்டும். தொழிற்சாலைக்குச் சரிப்படுமா?

அணு காந்தமானிக்கு அந்தக் குளிர் தேவையில்லை. சிறு கண்ணாடிக் குப்பிக்குள் ருபீடிய ஆவி. லேசர் அதன் அணுக்களை ஒழுங்குபடுத்தும். காந்தப்புலத்தில் அவை பம்பரம்போலத் தலையாட்டும். புலம் துளி மாறினாலும் அந்த வேகம் மாறும். வெளிநாட்டு ஆய்வகங்களில் இதைக் கொண்டு உலோக விரிசல்களைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள்.

பாட்டியின் விரல், திசைகாட்டி முள், இப்போது ஓர் ஆவிக் குப்பி. ஒரகடத்துக்கு எப்போது வரும்? நீங்கள் சொல்லுங்கள்!