மனசும் சயின்ஸா சார்?

அறிவியல் கண்காட்சி என்றால் மேல்மலையனூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் எரிமலைதான். களிமண், ஆப்ப சோடா, வினிகர்; பொங்கி வழிந்ததும் கைதட்டல். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-இல் நாடு முழுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பழக்கம் கொஞ்சம் அசைந்தது. தமிழகத்தில் இந்த மாநாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, உள்ளூர் விஷயம் ஒன்றை ஆராய்ந்து, தாய்மொழியிலேயே சொல்லலாம். என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு 'வழிகாட்டி' என்று பேர்.

ஏரித் தண்ணீர், குப்பை, மூலிகை என்று எடுத்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. மனசைப் பற்றி எடுத்தால் சக ஆசிரியர்களே, "இது சயின்ஸா சார்?" என்பார்கள். இந்திய அறிவியல் காங்கிரஸ் 1923-லேயே உளவியலுக்குத் தனிப் பிரிவு ஒதுக்கிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.டி. போவாஸ் தலைமையில் 1943-இல் துறையே வந்தாயிற்று. பள்ளிக்கூட வாசலைத் தாண்டத்தான் இத்தனை தயக்கம்.

எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றும் தலைப்பு எப்போதும் ஒன்றே. அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்தில் தலைவிரித்து ஆடுகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். "பேய் பிடிச்சவங்களையே பேட்டி எடுக்கலாம் சார்." கூடாது என்பேன். கஷ்டத்தோடு வந்தவர் முன்னால் நோட்டும் பேனாவுமாகப் போய் நிற்பது ஆராய்ச்சி ஆகாது.

அதற்குப் பதில் ஓர் ஆய்வைச் சொல்வேன். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை மனநல மருத்துவர் ரகுராமின் குழுவினர் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறி மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கென்று தனிச் சடங்கு எதுவும் அங்கே செய்யப்படவில்லை. "பாத்தீங்களா, சாமி குணமாக்குது" என்று வகுப்பே துள்ளும். ஒருமுறை பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி, "கோயிலுக்கு வராம வீட்லயே இருந்தவங்களுக்கும் ஆறு வாரத்துல எவ்வளவு குறைஞ்சுதுன்னு பாத்தாங்களா சார்?" என்றாள். பார்க்கவில்லை. அவளைத்தான் குழுத் தலைவி ஆக்கினேன்.

அந்தக் குழு ஞாபக மறதியை எடுத்தது. ஜெர்மானியர் எபிங்ஹவுஸ் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து 1885-இல் நூலாக வெளியிட்ட முறை. காகிதமும் கடிகாரமும் போதும். 'ஞிபோ', 'குவெ' என்று இவர்களே அசைகளைக் கட்டினார்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, எட்டாம் வகுப்பில் சோதித்தார்கள். மறுநாள் எல்லா அசையும் மறந்திருக்க, 'டிப்பு' மட்டும் ஒருத்தருக்கும் மறக்கவில்லை. விசாரித்தால், அது அந்த வகுப்புப் பையன் ஒருவனின் பட்டப்பெயர். பட்டியலில் அந்த அசையை அடித்துவிட்டு, வேறு வகுப்பில் மறுபடி சோதிக்கச் சொன்னேன்.