தொடர்வற்புறுத்தலும் வாங்குவோர் மறுமொழியும்: வங்கிவழிக் காப்பீட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

ஒருவர் வேண்டாம் என்று சொன்ன பின்னும், புதிய தகவல் எதையும் தராமல், அதே பொருளை வாங்குமாறு திரும்பத் திரும்பக் கேட்பதை ‘தொடர்வற்புறுத்தல்’ என வரையறுக்கிறோம். பொதுவான விளம்பரம் இதில் அடங்காது. வங்கிக் கிளைகளில் ஆயுள் காப்பீடு விற்கப்படும் முறையை இங்கே எடுத்துக்கொள்கிறோம்; நம் சேமிப்பைக் காக்கும் இடமே விற்கும் இடமாகவும் இருப்பதால், மறுப்பது அங்கே மிகக் கடினம்.

2. காரணமும் வகையும்

விற்பவர் பக்கத்துக் காரணம் விற்பனை இலக்கு. வருமான வரிக் கழிவை நாடுவோர் ஜனவரி முதல் மார்ச் வரை மிகுவர். நிதியாண்டு முடிவதும் அப்போதுதான். கிளை அலுவலர் தனிமனிதராகத் தீயவர் அல்லர். அவரும் மேலிருந்து வரும் அழுத்தத்தைக் கீழே கடத்துகிறார்.

வகைகளுள் முதலாவது ‘படியேற்றம்’: சிறியதொன்றுக்கு இசையவைத்துப் பெரியதைக் கேட்பது. சிறு வேண்டுகோளுக்கு முன்பே இசைந்தவர்கள் பெரிய வேண்டுகோளுக்கும் மிகுதியாக இசைகிறார்கள் என்று ஃப்ரீட்மனும் ஃபிரேசரும் 1966-இல் சோதனைவழிக் காட்டினர். “படிவத்தை மட்டும் நிரப்பி வைப்போம் சார்” என்பது இவ்வகை. இரண்டாவது ‘பிணைப்பு’: லாக்கர் வேண்டுமானால் பாலிசி எடுங்கள் என்பது. ரிசர்வ் வங்கியின் 2021 நெறிமுறை லாக்கருக்கு மூன்றாண்டு வாடகையையும் உடைத்துத் திறக்கும் செலவையும் ஈடுசெய்யும் அளவு வைப்புத்தொகை கேட்க இடம் தருகிறது. காப்பீடு கேட்க இடம் தரவில்லை. ‘இன்றே கடைசி நாள்’ என்னும் அவசரம் மூன்றாவது. அதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

3. மறுமொழியின் இரு நிலைகள்

முதல் நிலை வினவல். மறுப்பதற்கு முன் அறிய விரும்புவது பலவீனம் அன்று. எதை மறுக்கிறோம் என்று தெரிந்த மறுப்பே நிலைக்கும். எத்தனை ஆண்டு கட்டவேண்டும்? இரண்டாம் ஆண்டில் நிறுத்தினால் கைக்கு எவ்வளவு வரும்? பலன் விளக்க அட்டவணையில் 4 விழுக்காடு, 8 விழுக்காடு என்றிருப்பவை உறுதியா, அனுமானமா? (அனுமானமே.) உங்களுக்குக் கமிஷன் எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூசுகிறார்கள். கூச்சம் வேண்டாம்: கேட்டால் கமிஷன் விகிதத்தைச் சொல்லவேண்டும் என்பது வங்கி போன்ற நிறுவன முகவர்களுக்கான 2015 ஒழுங்குமுறையின் நடத்தை விதி. ஒரு வரம்பும் உண்டு. விடைகள் எழுத்தில் இல்லையெனில் வினவல் வெறும் உரையாடலாகிறது. உரையாடல் நீள்வது விற்பவருக்கே ஆதாயம்.

இரண்டாம் நிலை உறுதி. நம்மிடையே மரியாதைக்காக “பார்க்கலாம்”, “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்கிறோம். இவை மறுப்பல்ல, ‘ஒத்திவைப்பு’. அடுத்த அழைப்புக்கு நாமே நாள் குறித்துத் தருகிறோம். காரணம் சொல்லி மறுப்பதும் இத்தகையதே. பணம் இல்லை என்றால் மாதத்தவணை வரும். வயதாகிவிட்டது என்றால் மகன் பெயரில் வரும். ஆகவே உறுதியான மறுப்பு காரணம் கூறாதது, பணிவானது, சொல் மாறாதது: “எனக்கு வேண்டாம், நன்றி.” தொலைபேசி விற்பனை அழைப்புகளுக்கு 1909 என்ற எண்ணில் ‘வேண்டாம்’ எனப் பதிவு செய்வது இதன் நீட்சி.

4. தற்பொறுப்பு

இங்கே நாம் வாங்குவோரை நோக்கிப் பேசவேண்டியுள்ளது. முன்மொழிவுப் படிவத்தில் கையெழுத்து நம்முடையது. காப்பீட்டு நிறுவனத்தின் சரிபார்ப்பு அழைப்பு வரும்போது “எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிவிடுங்கள்” என்று சொல்லித்தந்தவர் அலுவலர், சொல்லுவது நாம். அந்தக் குரல்பதிவு பின்னர் நம் புகாருக்கு எதிரான சான்றாக நிற்கும். விற்பவரின் குற்றத்தை இது குறைக்காது; நம் கையில் உள்ள பங்கை மட்டும் காட்டுகிறது.

அப்பங்கு கையெழுத்தோடு முடிவதுமில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிகளின்படி, ஆவணம் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பித் தரலாம். காப்பு நடப்பிலிருந்த நாள்களுக்கான கட்டணம், மருத்துவச் சோதனைச் செலவு, முத்திரைத் தீர்வை ஆகியவை போக மீதி திரும்ப வரும். ஆவணம் தபாலில் வந்தாலும் மின்னஞ்சலில் வந்தாலும், வந்த தேதியை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். அந்த 30 நாளுக்குள் அதை முழுவதும் படித்துவிடுங்கள்.