புதுச்சேரி ஒன்றியப் பகுதி: காரைக்காலிலிருந்து ஒரு சுற்று

புதுச்சேரி ஒன்றியப் பகுதி ஒரே நிலப்பரப்பாக இல்லை. தமிழ்நாட்டுக் கரையில் புதுச்சேரியும் காரைக்காலும், ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் ஏனாமும், கேரளத்தில் அரபிக் கடலோரம் மாஹேயும் என நான்கு வட்டாரங்களாகப் பிரிந்து கிடக்கிறது. நான்கையும் கூட்டினால் சுமார் 490 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைவிடச் சற்றுத்தான் பெரிது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 12,47,953. இதில் புதுச்சேரி 9,50,289, காரைக்கால் 2,00,222, ஏனாம் 55,626, மாஹே 41,816. இவ்வளவு சிறிய ஆட்சிப் பகுதியை முழுக்கப் பார்த்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அலைய வேண்டும். வழியில் மூன்று மொழிகளும் இரண்டு கடல்களும் வந்துபோகும்.

தென்னிந்தியா எத்தனை விதமானது என்று அறிய விரும்புகிறவருக்கு இந்தச் சுற்று நல்ல வழி. புதுச்சேரி நகரைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். கடற்கரைச் சாலையையும் மஞ்சள் சுவர்களையும் இங்கே மறுபடி விவரிக்கத் தேவையில்லை. மற்ற மூன்றும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

ஒரே நிர்வாகத்தில் சேர்ந்த கதை

பிரெஞ்சுக்காரர்கள் 1674இல் புதுச்சேரியில் காலூன்றினார்கள். 1721இல் மாஹேயிலும் 1723இல் ஏனாமிலும் நுழைந்தார்கள். காரைக்கால் கடைசியில்தான் கிடைத்தது. தஞ்சை மராட்டிய அரியணையை இழந்திருந்த சாயாஜி, அதை மீட்க உதவினால் காரைக்காலைத் தருவதாக 1738இல் ஒப்புக்கொண்டார். அரியணை கைக்கு வந்ததும் பின்வாங்கினார். பிறகு சந்தா சாகிபின் துணையோடு 1739 பிப்ரவரி 14 அன்று பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கைக்கொண்டனர். அதன்பின் ஆங்கிலேயர் பலமுறை பிடிப்பதும் உடன்படிக்கையில் திருப்பித் தருவதுமாக இருந்தார்கள். 1814 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகுதான் இந்த ஊர்கள் நிலையாகப் பிரெஞ்சு வசமாயின.

விடுதலையும் ஒரே நாளில் வரவில்லை. 1954 ஜூன் 13இல் ஏனாமும் ஜூலை 16இல் மாஹேயும் உள்ளூர்ப் போராட்டத்தால் பிரெஞ்சுப் பிடியிலிருந்து விடுபட்டன. புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினார்கள், 8 பேர் மறுத்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காரைக்காலை அப்போதே தஞ்சை மாவட்டத்தோடு சேர்த்திருக்கலாமே என்று வரைபடத்தைப் பார்க்கும் எவருக்கும் தோன்றும். இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட 1956 ஒப்பந்தம் அதற்கு இடம் தரவில்லை: இப்பகுதிகளின் தனி நிர்வாக நிலை தொடரும், மாற்றுவதானால் மக்கள் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. கல்கத்தாவை ஒட்டிய சந்திரநாகூர் மட்டும் 1949இலேயே வாக்கெடுப்பு நடத்திப் பிரிந்து, பின்னர் மேற்கு வங்கத்தோடு சேர்ந்துவிட்டது. 1979இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் மற்ற நான்கையும் அண்டை மாநிலங்களோடு இணைப்பது பற்றிப் பேசியதும் புதுச்சேரி கொந்தளித்தது. அத்தோடு அந்தப் பேச்சு அடங்கியது.

காரைக்கால்

விழுப்புரம்–நாகப்பட்டினம் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கிலிருந்து வருகிறவர், 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடியைத் தாண்டிச் சிறிது நேரத்தில் நண்டலாற்றுப் பாலத்தைக் கடந்து பூவத்தில் நுழைவார். தெற்கே வாஞ்சூரில் எல்லை முடியும். அடுத்த ஊர் நாகூர். அதற்கும் அடுத்தது ஒருகாலத்தில் டச்சுக்காரர் கையிலிருந்த நாகப்பட்டினம். டேனிஷ், பிரெஞ்சு, டச்சு என மூன்று ஐரோப்பியக் கொடிகள் பறந்த கரையை ஒரே காலைப் பொழுதில் பேருந்தில் கடந்துவிடலாம்.

எல்லையைத் தாண்டியதை மண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வயல், வாய்க்கால், பனை எல்லாம் இருபுறமும் ஒன்றுதான். பேச்சும் அதே கீழத்தஞ்சைப் பேச்சு. வரிசை வரிசையாக மதுக்கடைகள், வண்டிகள் மொய்க்கும் பெட்ரோல் பங்குகள், பி.ஒய். 02 என்று தொடங்கும் வண்டி எண்கள் ஆகியவைதான் வேறொரு அரசின் பகுதிக்கு வந்துவிட்டதைச் சொல்லும். வரி வித்தியாசத்தால் வரும் இந்த வியாபாரத்தைத்தான் பலரும் காரைக்காலின் அடையாளமாக நினைக்கிறார்கள். ஊருக்கு அது நியாயம் செய்வதாகாது.

காரைக்கால் காவிரியின் கடைமடை. கும்பகோணம் வழியாக வரும் அரசலாறு நகரை ஒட்டிக் கடலில் சேர்கிறது. நாட்டாறு, திருமலைராஜனாறு, வாஞ்சியாறு என்று மேலும் சில கிளைகளும் உண்டு. காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. காரைக்கால் வயல்களுக்கானது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவைத் தொடவில்லை. கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடந்த வழக்கில் இந்த 7 டி.எம்.சி. பலர் கண்ணிலேயே படவில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் டெல்டா முழுவதையும் தாண்டி வந்தால்தான் நெடுங்காட்டு விவசாயிக்குக் குறுவை. வரும் வழி முழுக்கத் தமிழ்நாட்டு மதகுகள்.

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் திருநள்ளாற்றுக்காகவே வருகிறார்கள். தர்ப்பாரண்யேசுவரர் கோயிலில் மூலவர் சிவன் என்றாலும் கூட்டம் வருவது சனீசுவரனுக்கு. சனிக்கிழமைகளில் விடியும் முன்பே நளதீர்த்தக் கரையில் நல்லெண்ணெய் வாசம் வீசும்; தலைமுழுகிவிட்டு, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுப்போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சுமார் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சி நாளில் இந்தச் சிற்றூர் தாங்க முடியாத கூட்டத்தைத் தாங்குகிறது. வந்தவர்களில் பலர் பத்து நிமிடத் தொலைவிலுள்ள காரைக்கால் நகரையே பார்க்காமல் ஊர் திரும்புகிறார்கள் என்பது வருத்தம்தான்.

பார்க்க வேண்டிய நாள் ஆனிப் பௌர்ணமி. அறுபத்து மூன்று நாயன்மார்களில் பெண்கள் மூவர். அவர்களில் ஒருவரான காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா அன்றுதான் உச்சம் காணும். பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். பிள்ளை வரம் வேண்டுகிறவர்களுக்கு அந்தப் பழம் பிரசாதம். பயணம் பற்றிய கட்டுரையில் அம்மையாரை விட்டுவிட முடியாது. கணவன் பரமதத்தன் வணிகத்துக்காகக் கப்பலேறிப் போனவன், பாண்டிய நாட்டில் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டான். அவரோ கயிலைக்குத் தலையாலேயே நடந்து போனார், பின் திருவாலங்காட்டில் நிலைத்தார் என்கிறது பெரியபுராணம். நாட்டின் குறுக்காக இவ்வளவு தூரம் போன பெண்ணின் கதை வேறு எந்த ஊருக்கு வாய்த்திருக்கிறது?

கடல் வழியாகவும் காரைக்கால் மக்கள் வெகுதூரம் போயிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறிய துறைமுகங்களில் இதுவும் ஒன்று. இன்று வாஞ்சூர்ப் பக்கம் 2009இல் தொடங்கிய தனியார் துறைமுகத்தில் நிலக்கரிதான் முக்கியமாக வந்திறங்குகிறது. 2023இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது.

ரயிலும் பழையதுதான். பேரளத்திலிருந்து 1898இல் பிரெஞ்சு அரசின் செலவில் போட்ட மீட்டர் கேஜ் பாதை 1980களில் நிறுத்தப்பட்டது. 2011 இறுதியில் நாகூரிலிருந்து அகலப்பாதை வரும்வரை ஊர் ரயில் இல்லாமலே இருந்தது. பேரளம் தடத்திலும் அண்மையில் அகலப்பாதை போடப்பட்டிருக்கிறது.

மாஹே

காரைக்காலிலிருந்து எர்ணாகுளம் செல்லும் எக்ஸ்பிரஸில் ஏறினால் தஞ்சை, திருச்சி, ஈரோடு, கோவை தாண்டிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரைக்குப் போகலாம். பாலக்காட்டில் இறங்கி மங்களூர் திசையில் போகும் ரயிலைப் பிடிக்க வேண்டும். மாஹே என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் வரும். அது இருப்பது கேரளத்தின் அழியூரில். வெளியே வந்து சற்று நகர்ந்தால்தான் ஒன்றியப் பகுதி தொடங்கும். பரப்பு வெறும் 9 சதுர கிலோமீட்டர். மய்யழி ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் நகரமும், ஆற்றுக்கு அப்பால் பள்ளூர், பந்தக்கல் போன்ற ஊர்களும் உள்ளன.

அஞ்சல் துறை மாஹேயைக் கோழிக்கோட்டுப் பக்கமும் ஏனாமைக் காக்கிநாடாப் பக்கமும் வைத்தே கணக்குப் பார்க்கிறது: பின்கோடு மாஹேக்கு 673310, ஏனாமுக்கு 533464. வழக்கு என்று வந்தால் இரண்டு ஊர்களும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும்.

அக்டோபர் 5இல் கொடியேறும் புனித தெரேசா ஆலயத் திருவிழாவுக்கு வடக்கு மலபார் முழுவதிலுமிருந்து எல்லா மதத்தவரும் வருகிறார்கள். கடைகளில் கிடைக்கும் கல்லுமக்காயைச் சாப்பிடாமல் திரும்பக் கூடாது. பாறையில் ஒட்டி வளரும் இந்தச் சிப்பியைக் காரைக்கால் மணற்கரையில் தேடினாலும் கிடைக்காது. 1974இல் வந்த எம். முகுந்தனின் ‘மய்யழிப்புழையுடே தீரங்ஙளில்’ நாவலைப் படித்துவிட்டுப் போகிறவருக்கு ஊர் இன்னும் நன்றாகப் புரியும். பிரெஞ்சுக்காரர்கள் போனதை ஒரே ஊர் இரண்டு மனதோடு பார்த்த விதத்தை அவர் அளவுக்கு வேறு யாரும் எழுதவில்லை என்பது என் எண்ணம்.

ஏனாம்

சுற்றின் கடினமான பகுதி இது. சென்னைப் பக்கத்திலிருந்து சர்க்கார் எக்ஸ்பிரஸில் காக்கிநாடா போய், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் சாலையில் செல்ல வேண்டும். கோதாவரியின் கௌதமி கிளை இங்கே அகன்று விரிகிறது. அக்கரையிலுள்ள எதுர்லங்காவுக்கு 2002இல் பாலம் வரும்வரை படகுதான் கதி. பக்கத்திலேயே கோரிங்கா அலையாத்திக் காடு இருக்கிறது.

பேச்சு தெலுங்கு. 1929இன் சாரதா சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் குழந்தை மணத்தைத் தடுத்தபோது, அது செல்லாத பிரெஞ்சு ஏனாமுக்குச் சுற்று வட்டாரக் குடும்பங்கள் வந்து கல்யாணம் நடத்திப் போனார்கள். எல்லையைப் பயன்படுத்திக்கொள்வது இன்றைய பெட்ரோல் பங்கில் ஆரம்பித்த பழக்கமல்ல. ஆற்றில் புதுவெள்ளம் வரும் ஜூலை, ஆகஸ்டில் கடலிலிருந்து எதிரேறி வரும் புலசா மீன் ஏனாம் ஏலத்தில் ஒன்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகும். புளி விட்டு நிதானமாகக் கொதிக்கவைத்து மறுநாள் சாப்பிடுவதுதான் அங்கே முறை.

ஆட்சியும் பருவமும்

30 பேரைத் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றத்தில் புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹே, ஏனாமுக்கு ஆளுக்கு ஒன்று. மக்களவைக்கு நான்குக்கும் சேர்த்து ஒரே உறுப்பினர். ஆகவே ஒரு வேட்பாளர் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் வாக்குக் கேட்டாக வேண்டும். அரசு ஊழியர்களுக்கோ மாற்றல் உத்தரவு வந்தால் மொழியே மாறிவிடும். மாஹேக்குப் போன காரைக்கால்காரர் முதல் வாரத்திலேயே மலையாள எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தொடங்குவார்.

மழைதான் பயணத் திட்டத்தைத் தீர்மானிக்கும். மாஹேயில் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் கொட்டும். அப்போது காரைக்காலில் வெயில் காயும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காரைக்காலுக்கு வடகிழக்குப் பருவமும் அதனோடு வரும் புயல்களும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது காரைக்காலும் அடி வாங்கியது. ஏனாமில் 1996 நவம்பர் புயலை இன்றும் சொல்வார்கள். மூன்றையும் ஒரே மூச்சில் பார்க்க ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்றவை. மாங்கனி, புலசா, தெரேசா திருவிழா மூன்றுமே வேண்டும் என்கிறவர் ஆனிப் பௌர்ணமி, ஆகஸ்ட், அக்டோபர் என்று மூன்று தடவை தனித்தனியாகப் போய்வர வேண்டியதுதான்.