அரசுக்கு மதம் வேண்டுமா?

மதச்சார்பின்மை என்றவுடன் கடவுள் மறுப்பு என்று நினைப்பவர்கள் நம்மிடையே பலர். அது தவறான புரிதல். கோவிலுக்குப் போவதா, தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போவதா, எங்கும் போகாமல் இருப்பதா என்பது குடிமகனின் முடிவு. அந்த முடிவில் அரசு தலையிடக்கூடாது. எந்த மதத்தின் பக்கமும் சாயக்கூடாது. மதச்சார்பின்மையின் சாரம் இதுதான்.

இதை எல்லா நாடுகளும் ஒரே விதமாகக் கடைப்பிடிக்கவில்லை. பிரான்ஸ் 1905 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அரசையும் திருச்சபைகளையும் பிரித்தது. இந்தியா 1976 இல் தனது அரசமைப்பின் முகவுரையில் மதச்சார்பின்மையைச் சேர்த்தது. இங்கிலாந்தில் இன்றும் அரச திருச்சபை இருக்கிறது.

இலங்கையின் பாதை வேறு. சோல்பரி அரசமைப்பின் 29(2) ஆம் பிரிவு, ஒரு மதத்தின் சுதந்திர வழிபாட்டைத் தடுக்கும் சட்டத்தையும், ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் சலுகை தரும் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்ற முடியாது என்றது. மலையகத் தமிழரின் குடியுரிமைப் பறிப்பையோ 1956 இன் தனிச்சிங்களச் சட்டத்தையோ அந்தப் பிரிவால் தடுக்க முடியவில்லை. ஆயினும் பெயரளவிலேனும் ஒரு வேலி இருந்தது. 1972 இன் குடியரசு அரசமைப்பில் அந்த வேலியும் அகற்றப்பட்டது. பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் வழங்கப்பட்டது. 1978 அரசமைப்பின் 9 ஆவது உறுப்புரை, புத்த சாசனத்தைப் பாதுகாத்துப் பேணுவதை அரசின் கடமையாக்கியது. சாசனம் என்பது போதனையோடு நிற்பதில்லை. சங்கத்தையும் விகாரைகளையும் உள்ளடக்கியது. இந்த உறுப்புரையை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வஜன வாக்கெடுப்பும் தேவை.

அதே அரசமைப்பின் 10 ஆவது உறுப்புரை ஒவ்வொருவருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை அளிக்கிறது. இரண்டும் மோதும்போது என்ன நடக்கும்? 2003 இல் கத்தோலிக்க அருட்சகோதரிகளின் சபையொன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அது 9 ஆவது உறுப்புரைக்கு முரணானது என நீதிமன்றம் தீர்மானித்தது. அத்தீர்மானம் அச்சபையின் உரிமைகளை மீறியதாக 2005 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு கண்டது.

சட்டப் புத்தகத்தில் இருப்பது நிலத்தில் எப்படி இறங்குகிறது என்பதை வடக்கு, கிழக்கு மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென நியமிக்கப்பட்ட ஜனாதிபதி செயலணிக்குப் பாதுகாப்புச் செயலாளர் தலைமை வகித்தார். பௌத்த பிக்குகளும் அங்கம் வகித்தார்கள். மூவினத்தவரும் வாழும் மாகாணத்துக்கான அச்செயலணியின் ஆரம்பப் பட்டியலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் ஆதி ஐயனாரை வழிபட்ட மக்கள் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. கட்டுமானத்தை நிறுத்துமாறு 2022 இல் நீதிமன்றம் கட்டளையிட்ட பின்னரும் அங்கே விகாரை எழுந்தது. 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீதிபதி, உயிர் அச்சுறுத்தலைக் காரணம் காட்டிப் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார். போரில் வீட்டையும் உறவையும் இழந்து மீள்குடியேறியவர்களுக்குக் குலதெய்வம் இருந்த இடமும் வழக்குப் பொருளாகிவிட்டது.

அதேவேளை நம் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். காங்கேசன்துறையின் இந்து வாக்காளர்கள் கிறிஸ்தவரான எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தைத் தம் பிரதிநிதியாகத் தெரிவுசெய்தார்கள். நாம் பெருமைப்படக்கூடிய மரபு அது. ஆனால் அதே தொகுதியின் மாவிட்டபுரத்தில், 1968 இல், ஒடுக்கப்பட்ட சாதியினர் கந்தசுவாமி கோவிலுக்குள் நுழையப் போராட வேண்டியிருந்தது. அடியும் பட்டார்கள். சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் 1957 இலேயே வந்திருந்தும் அந்த நிலை. மதச்சார்பற்ற அரசு என்றால் மதத்தின் பெயரால் நடக்கும் அநீதியைக் கண்டும் காணாமல் இருக்கும் அரசு அல்ல என்பதற்கு மாவிட்டபுரமே சான்று.

இன்று தேர்தல் மேடைகளில் வேட்பாளரின் மதத்தைக் கேட்கும் குரல்கள் நம்மிடையேயும் எழுகின்றன. சிவபூமி என்று சொல்லிக் கிறிஸ்தவத் தமிழரையும் முஸ்லிம்களையும் விருந்தாளிகளாக்கினால், முதன்மைத் தானத்தை எதிர்க்கும் தகுதியை நாமே இழந்துவிடுவோம். கொழும்பிடம் கேட்கும் நீதியை அயலவருக்கும் கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் கோரிக்கைக்கே வலு உண்டு.