மாலுமி உடையின் வரலாறு

நாகரிக உடை மேலிருந்து கீழ்நோக்கிப் பரவும் என்பர். அரசர் அணிந்ததைப் பிரபுக்களும், பிரபுக்கள் அணிந்ததை ஏனையோரும் பின்பற்றுவர் என்பது பொதுவான கொள்கை. இதற்கு மாறாக, உழைப்பாளியின் உடை அரண்மனைவரை ஏறிச் சென்றமைக்கு ஐரோப்பிய மாலுமியின் உடை தக்க சான்றாகும்.

பிரித்தானியக் கடற்படையில் அதிகாரிகளுக்கு 1748ஆம் ஆண்டிலே சீருடை விதிக்கப்பட்டது. சாதாரண மாலுமிக்கோ அதன்பின் நூறாண்டுக்கு மேலாகியும் சீருடை இருந்ததில்லை. கப்பற் பண்டகக் காப்பாளரிடம் அவன் உடை பெறுவான்; அதன் விலை அவனது சம்பளத்திற் கழிக்கப்படும். துணி வாங்கித் தானே தைத்துக்கொள்வதும் உண்டு. அகன்ற காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தளத்தைக் கழுவலாம். குறுகிய மேற்சட்டை பாய்மரம் ஏறுவோனைத் தடுக்காது. இவை அழகு கருதி எழுந்தவை அல்ல. தொழில் கருதி எழுந்தவை.

1846ஆம் ஆண்டு செப்டெம்பரில் விக்ரோறியா மகாராணியின் குடும்பம் அரச கப்பலில் உலாச் சென்றது. அப்போது நான்கு வயதினரான இளவரசர் அல்பேட் எட்வேட்டுக்கு மாலுமி உடையொன்று அக்கப்பலிலேயே தைக்கப்பட்டது. அவ்வுடையில் அவரை ஓவியர் வின்ரர்ஹால்ரர் தீட்டினார். நாளடைவில் ஐரோப்பியச் செல்வர் இல்லத்துச் சிறுவர் பலர் அவ்வுடையை அணியலாயினர். மாலுமிகளுக்குச் சீருடை விதிக்கப்பட்டதோ 1857ஆம் ஆண்டிலேதான். எனவே, மாலுமி தன் உடைக்கு அரச அங்கீகாரம் பெறுவதற்குப் பதினோராண்டு முன்னரே அரச குமாரன் அதனை அணிந்துவிட்டான்.

இவ்வுடைபற்றிக் கதைகளும் உள. கழுத்துப்பட்டையின் மூன்று வெண்கோடுகள் நெல்சனின் மூன்று வெற்றிகளைக் குறிப்பன என்றும், கறுப்புக் கழுத்துத்துணி அவருக்கான துக்கக்குறி என்றும் கூறுவர். 1805இல் அவர் இறப்பதற்கு முன்னரே மாலுமிகள் கறுப்புத்துணி அணிந்தனர். கோடுகள்பற்றிய கூற்றுக்கும் சான்றில்லை. பெயரற்றோர் ஆக்கிய உடைக்கும் பெருந்தளபதி ஒருவரையே காரணராக்குவது மக்கள் மனத்தின் இயல்பு போலும்.

பிரான்சில் 1858ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் பிறந்த ஆணை, மாலுமியின் பின்னற் சட்டைக்கு 21 வெண்பட்டைகளை வகுத்தது. வெண்பட்டை 20 மில்லிமீற்றரும் நீலப்பட்டை 10 மில்லிமீற்றரும் அகலமுடையன. 1913இல் டோவில் என்னும் கடற்கரை நகரிற் கடை திறந்த கபிரியேல் சனெல் அம்மையார், ஆடவரின் உள்ளாடைக்கே பெரிதும் பயன்பட்ட பின்னல் துணியையும் மாலுமியுடைச் சாயலையும் மகளிர்க்கு உரியனவாக்கினார். இறுகிய இடைக்கச்சினின்று விடுபட விரும்பிய மகளிர் அவற்றை வரவேற்றனர். 1962இல் ஈவ் சென் லோறன் மாலுமியின் தடித்த கம்பளி மேலங்கியைப் பரிசு நகரின் நாகரிக அரங்கில் ஏற்றினார்.

யப்பானிலோ இவ்வுடை வேறொரு பொருள் பெற்றது. அங்கு 1920ஆம் ஆண்டுகளில் மாணவியரின் சீருடையாகி, ஒழுங்கின் அடையாளமாயிற்று. கடற்கரையில் உலாவுவோர்க்கு விடுதலையையும் பள்ளிக்கு ஒழுங்கையும் ஒருங்கே உணர்த்த வல்லதாதலே இவ்வுடையின் நீடித்த கவர்ச்சிக்குக் காரணம் எனலாம். கடற்போர்களை உரைக்கும் நூல்கள் தளபதிகளின் பெயர்களையே பெரிதும் பேணின. கயிறிழுத்துத் தளங்கழுவியோரின் பெயர்கள் மறைந்தன. அவர்தம் உழைப்புக்கேற்ப அமைந்த உடை மட்டும் உலகெங்கும் நிலைத்துள்ளது.