முயலை எழுப்பிய குளுக்கோஸ்

போன எபிசோடில் இன்சுலின் கதை சொன்னப்போ முயல்களை ஒரே வரியில் தாண்டிட்டேன். இன்னைக்கு அந்த முயல்கள்தான்.

1921 டிசம்பர், டொராண்டோ. பான்ட்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களோடு போராடிக்கொண்டிருந்த ஆய்வில் உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் வந்து சேர்கிறார். கணையத்திலிருந்து எடுத்த சாறு வேலை செய்யுதான்னு பார்க்க அவர் முயல்களுக்கு ஊசி போட்டார். சாறு வீரியமா இருந்தா ஒரு விநோதம் நடந்தது. முயலுக்கு வலிப்பு வரும், தலை பின்னால் வளையும், அப்புறம் மயக்கம். சாறில் விஷம் கலந்துடுச்சோன்னுதானே யாருக்கும் தோணும்? ஆனா ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை அடிமட்டத்தில் கிடந்தது. குளுக்கோஸ் ஊசி போட்டதும், செத்துப்போச்சுன்னு நினைத்த முயல் எழுந்து உட்கார்ந்தது. மருந்தோட ஆபத்தும் அதற்கான முறிமருந்தும் ஒரே மேசையில் கிடைச்சிட்டது.

இன்னொரு விஷயம். 24 மணி நேரம் பட்டினி போட்ட 2 கிலோ முயலுக்கு 4 மணி நேரத்துக்குள் வலிப்பு வரவைக்கும் அளவைத்தான் ஆரம்பத்தில் ஒரு யூனிட்னு வச்சாங்க. பிறகு அதில் மூன்றில் ஒரு பங்கு. இன்றைக்கு சிரிஞ்சில் நாம எண்ணுற யூனிட்டோட மூதாதை அந்த வலிப்புதான்.

1922-லேயே டொராண்டோ மருத்துவர்கள் ஃப்ளெட்சரும் கேம்ப்பெல்லும் மனிதர்களிடம் இதைக் கவனித்து எழுதிவிட்டார்கள்: பசி, வியர்வை, நடுக்கம், பதற்றம், அதற்கும் கீழே போனால் நினைவு தப்புவது.

எங்க பெரியப்பாவை அப்படித்தான் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்காங்க. நாக்கு குழற யாரையோ திட்டிக்கிட்டு நின்றாராம். ‘காலங்காத்தாலே ஊத்திட்டு வந்துட்டாரு’ன்னு எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன். இன்சுலின் போட்டுட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு இட்லியை விட்டுட்டு வந்தவர். ஒரு டீக்கடைக்காரர் மட்டும் நனைந்த சட்டையைப் பார்த்து, ‘ஐயா, சுகர் இருக்கா?’ன்னு கேட்டு, சர்க்கரையைக் கரைச்சுக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் பெரியப்பா பெரியப்பாவா ஆயிட்டார்.

1930களில் நியூயார்க் அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் மூணு நிபந்தனை வகுத்தார்: அறிகுறி இருக்கணும், அப்போ ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கணும், குளுக்கோஸ் கொடுத்ததும் சரியாகணும். டீக்கடைக்காரர் அதில் இரண்டை முடிச்சிட்டார். நடுவில் இருக்கிற சோதனைக்கு மட்டும் கருவி இல்லை.

அந்தச் சோதனைதான் ரொம்ப காலம் சிக்கல். ரத்தம் ஆய்வகத்துக்குப் போய் வரணும், மூளையோ காத்திருக்காது. 1960களில் ஒரு சொட்டு ரத்தத்துக்கான பட்டை வந்தது. இப்போ நினைவில்லாமல் யாரைக் கொண்டுவந்தாலும் முதலில் விரலில் குத்துறாங்க. 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிஞ்சா 15 கிராம் சர்க்கரை, 15 நிமிஷத்தில் மறுபடி சோதனை. மயங்கியிருந்தா வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிடும். நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ், இல்லைன்னா தசையில் குளுக்ககான். சில சுகர் மாத்திரைகள் சாப்பிடுறவங்களுக்குத் தேறின பிறகும் மறுபடி இறங்கும், அதனால உடனே வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க.

பெரியப்பா அதுக்கப்புறம் பையில் கடலை மிட்டாய் வச்சிருந்தார். கடலையில் இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறதைத் தாமதமாக்கும்னு டாக்டர் திட்டினதில், இப்போ குளுக்கோஸ் பாக்கெட். கடலை மிட்டாயும் இருக்கு, அது சும்மா சாப்பிடவாம்.